ஞாயிற்றுக்கிழமை வராத வயிற்றுவலி

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு பேப்பர் கொடுத்ததில் இருந்து, காலையில் யூனிஃபார்ம் போட்டதும் 'வயிறு வலிக்கும்மா' என்று குறுகி உட்கார்ந்துவிடுகிறாள். ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாச்சு; ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை வலியே இல்லை. கணக்கில் 31 மார்க். வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசித்தார்களாம். மும்பையில் இருக்கும் அவள் அப்பா போனில் கேட்பதும் மார்க்கைத்தான். 'நடிக்கா' என்கிறார் மாமியார். இரண்டு வாரத்தில் ஐந்து நாள் லீவு. என்ன செய்ய?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம் பக்கம்

பதில்: அம்மா, உங்கள் மகள் நடிக்கவில்லை. குடலும் மூளையும் நரம்புகளால் இணைந்தவை. பயத்தில் குடல் இறுகும். சாதாரண அசைவுகூட வலியாகத் தெரியும். மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். எடை குறைந்தாலோ, தூக்கத்தில் எழுப்புகிற வலி, காய்ச்சல், விடாத வாந்தி, மலத்தில் ரத்தம் என எது இருந்தாலோ மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். மாதவிடாயை ஒட்டி வருகிறதா, பள்ளியில் பாத்ரூம் போகாமல் அடக்குகிறாளா, யாராவது சீண்டுகிறார்களா என்றும் தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

கவலைப்பட வேண்டியது லீவைப் பற்றித்தான். லீவு என்றதும் பத்து மணிக்கெல்லாம் வலி போய்விடும். வீட்டில் இருந்தால்தான் நிம்மதி என்று மனசு பழகிக்கொள்ளும். மறுநாள் படியிறங்குவது இன்னும் கஷ்டமாகும். அதனால் வலியோடேயே போகட்டும். வகுப்பாசிரியரிடம் பேசி, முதல் மூன்று நாள் மத்தியானம் வரை, பிறகு முழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கைச் சத்தமாக வாசிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாமல் லீவு போட்டால் டிவி, போன் இல்லாமல் படுத்து ஓய்வெடுக்கட்டும்; திட்ட வேண்டாம்.

'வலிக்கா, வலிக்கா' என்று திரும்பத் திரும்பக் கேட்டால் கவனம் வயிற்றிலேயே நிற்கும். காலையில் ஒரே தடவை, 'பத்துக்கு எத்தனை?' என்று கேளுங்கள். ஆறு என்றால், 'சரி, ஆறோடயே போவோம். சாயந்திரம் எத்தனைன்னு சொல்லு.' இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போகட்டும்.

மூச்சுப் பயிற்சியைச் சாயந்திரம், அவள் நன்றாக இருக்கும்போது தொடங்குங்கள். பலரும் அழுகிற நேரத்தில் முதல் தடவையாகச் சொல்லிக்கொடுப்பார்கள், அது பலிக்காது. பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு சின்ன நோட்டை வையுங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்தால் நோட்டு உயர வேண்டும். ஆறு எண்ணும் வரை மெதுவாக விட்டால் இறங்க வேண்டும். நோட்டு அசையாமல் தோள் தூக்கினால் நெஞ்சால் இழுக்கிறாள் என்று அர்த்தம். தலைசுற்றினால் நிறுத்திவிட்டு, அடுத்த தடவை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம், தினம் இரண்டு வேளை. பழகின பிறகு பள்ளி வாசலில் நின்றபடியே செய்யலாம். ராத்திரி ஒன்பது மணி நேரத் தூக்கமும் அவசியம்.

மூன்று நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 'செத்துப்போகணும்' என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அவள் அப்பாவிடம் இன்று ராத்திரியே பேசிவிடுங்கள். மகளோடு போனில் பேசும்போது முதல் பத்து நிமிடம் மார்க் பேச்சே வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கணக்குப் பேப்பரை ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக வீடியோ காலில் விரித்துப் பாருங்கள், எந்தக் கணக்கில் எந்த வரியில் வழுக்கியது என்று.