ஆறு வாரம் ஓடாமல் நிற்கும் காரில் பழைய பேட்டரியைக் காப்பது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் என் காரை நிறுத்துகிறேன். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்துடன் தஞ்சாவூர் சென்று ஆறு வாரம் கழித்துத்தான் திரும்புவோம். பேட்டரி மாற்றி இரண்டரை ஆண்டாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இப்போதே இழுக்கிறது. கனடாவில் இருக்கும் மைத்துனர், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துச் சார்ஜரில் இணைத்துவிடச் சொல்கிறார். இங்கிருக்கும் அக்காள் மகனோ, வாரம் ஒருமுறை வந்து பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதாகச் சொல்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மைத்துனர் தம் ஊர்க் குளிரை மனத்தில் வைத்துச் சொல்கிறார். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் கந்தக அமிலம் ஏறக்குறைய தண்ணீராகிவிடுவதால், கடுங்குளிரில் அது உறைந்து பெட்டியையே பிளந்துவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே பேட்டரிக்குப் பகை வெப்பம். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால், சும்மா இருக்கும்போதே பேட்டரி தன் சார்ஜை இழக்கும் வேகம் சுமார் இரண்டு மடங்காகிறது. உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளும் விரைவாக அரிக்கப்படுகின்றன. சிங்கப்பூரில் கார் பேட்டரிகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆகவே உங்களுடையது ஏற்கெனவே முதுமையை எட்டிய பேட்டரி என்றே கொள்ளுங்கள்.

ஆனாலும் அவர் சொன்னதன் சாரம் இங்கும் பொருந்தும்: நீண்ட நாள் நிற்கப்போகும் பேட்டரி முழு சார்ஜுடன் இருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால், தகடுகளின்மீது ஈய சல்பேட் படிகங்களாக இறுகிப்போகும்; பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பகுதி முழுமையாக மீளாது.

உங்கள் சார்ஜை உண்மையில் தின்னப்போவது, அணைத்துப் பூட்டிய பிறகும் கார் இழுத்துக்கொண்டிருக்கும் சிறு மின்னோட்டம்தான். அலாரம், சாவியை எதிர்பார்த்து விழித்திருக்கும் பூட்டு, கணினியின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை எடுப்பது இயல்பு. 30 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி, 42 நாளில் 30 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி என்று அச்சிடப்பட்ட பேட்டரி, முதுமையில் 30 தாங்கினாலே பெரிது. கணக்கு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். காரில் நிறுத்தக் கண்காணிப்பு வசதியுள்ள கேமரா பொருத்தியிருந்தால் ஆறு வாரமெல்லாம் தேவையில்லை. ஒரு சில நாளே போதும். குறைந்த வோல்ட்டில் தானாக அணையும்படி அதை அமைத்திருந்தாலும், அந்த எல்லை பல கேமராக்களில் 12 வோல்ட் அல்லது அதற்கும் கீழே இருக்கிறது. பழைய பேட்டரிக்கு அதுவே மிகத் தாமதம்.

பலமாடி நிறுத்துமிடத்தில் சார்ஜரை இணைக்க உங்களுக்கு மின்செருகி கிடைக்காது. கூரைக்குக் கீழே சூரியத் தகடும் உதவாது. எனவே நான் சொல்வது எளிய வழி. புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் பேட்டரியைத் தானியங்கிச் சார்ஜரில் இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றுங்கள். ஊபி, சின் மிங் பக்கத்துப் பணிமனையில் கேட்டாலும் செய்து தருவார்கள். வீட்டிலேயே செய்வதென்றால், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் சன்னலைத் திறந்து வையுங்கள். சாமி விளக்கு, அடுப்பு அருகில் வேண்டாம். சில மணி நேரம் ஓய்வுக்கு விட்டபின், வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரில் 12.6 அல்லது 12.7 வோல்ட் தெரிய வேண்டும். பேட்டரியின் மேல் இருக்கும் பச்சைக் கண்ணை நம்பிவிடாதீர்கள். அது ஆறு அறைகளில் ஒன்றின் நிலையை மட்டுமே காட்டும்.

புறப்படும் நாளில் காரை நிறுத்தியபின் பேட்டரியின் எதிர்முனைக் (−) கம்பியை, பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால், தளர்த்திக் கழற்றி, முனையை மீண்டும் தொடாதபடி துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். கம்பியைக் கழற்றிய பிறகு அலாரமும் மையப் பூட்டும் வேலை செய்யா. கதவைச் சாவியால்தான் பூட்ட வேண்டும். பேட்டரி பின்பெட்டியில் இருக்கும் கார் என்றால், மின்சாரமின்றி அந்த மூடி திறக்குமா என்று கையேட்டில் முதலில் பாருங்கள். கடிகாரத்தையும் சன்னல்களின் தானியங்கி அமைப்பையும் திரும்பி வந்து சரிசெய்வது சிறு தொல்லை, அவ்வளவே.

அக்காள் மகனின் யோசனையை நன்றி சொல்லித் தவிர்த்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் ஒரு சில நொடியில் செலவழிப்பது சொற்பம்தான் என்றாலும், ஒரு வாரம் இறங்கிய சார்ஜைப் பத்து நிமிட ஓட்டத்தில் முதிர்ந்த பேட்டரி திரும்ப ஏற்றுக்கொள்ளாது. மேலும், நின்ற காரில் எஞ்சினை வீணாக ஓடவிடுவது இங்கே குற்றம். தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கலாம். அவன் உதவியே ஆக வேண்டும் என்றால், தீவு விரைவுச்சாலையில் சாங்கி வரை போய்த் திரும்பட்டும். அதற்கு முன், உங்கள் காப்புறுதியில் அவனும் ஓட்டுநராக அடங்குகிறானா, விபத்து நேர்ந்தால் இளம் ஓட்டுநருக்காக நீங்கள் கூடுதலாகச் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு என்று பாருங்கள்.

புறப்படும் முன்பே புது பேட்டரி போட்டுவிடலாமா என்றும் கேட்கத் தோன்றும். நான் போடமாட்டேன். ஆறு வாரம் சும்மா நிற்பதற்காகப் புதியதன் உத்தரவாதக் காலத்தைச் செலவழிப்பானேன்? திரும்பிய மறுநாள் கம்பியை மாட்டுவதற்கு முன் வோல்ட்டைப் பாருங்கள். 12.4க்கு மேல் இருந்தால் மாட்டி ஸ்டார்ட் செய்யலாம்; அப்போது இன்னொருவர் மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும் நேரத்தில் எண் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் காலம் முடிந்தது. மாற்றும்போது, சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் வகைக் கார் உங்களுடையது என்றால், முன்பிருந்த அதே வகை பேட்டரியையே கேட்டு வாங்குங்கள். விலை குறைவென்று சாதாரண வகையைப் போட்டால் அது சில மாதங்களிலேயே சோர்ந்துவிடும்.