குடை நிறையக் காய்கறி

கேள்வி: நியூசிலாந்து எழுத்தாளர் கேதரின் மேன்ஸ்ஃபீல்டின் 'மிஸ் பிரில்' கதையில் கிழவி கழுத்தில் போட்டுக்கொள்ளும் ஃபர் எதன் குறியீடு? நவீனத்துவக் காலத்துப் பெண் எழுத்தாளர்கள் வர்க்கத்தையும் தனிமையையும் சிறுகதைகளில் குறியீடு வழியாகவே சொல்வது ஏன்?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: கேள்வியில் தேர்வுத்தாள் வாசனை அடிக்கிறது. ஐந்து மதிப்பெண்ணா பத்தா என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்து என்றால் 'தனிமையின் குறியீடு' என்று எழுதுங்கள், கிடைத்துவிடும். பத்து என்றால் 'இழந்த இளமை'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவதை விடைத்தாளில் எழுதி மதிப்பெண் போனால் என்னிடம் வரக்கூடாது.

குறியீடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் குடைதான் ஞாபகம் வரும். பல வருடங்களுக்கு முன் இந்த இதழில் ஒரு கதை போட்டோம். கதாநாயகி சந்தைக்குப் போய்க் கூடை நிறையக் காய்கறி வாங்கி வருகிறாள். அச்சில் நெடில் குறிலாகிக் கூடை குடையாகிவிட்டது. ஒரு இடத்தில் இல்லை, நான்கு இடத்திலும். மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று கேட்காதீர்கள், நான்தான். 'அவள் குடை நிறையக் காய்கறியோடு படியேறினாள்' என்று அச்சாகி, கடைக்கும் போய்விட்டது.

அடுத்த மாதம் என் நண்பர், பெயர் பெற்ற விமர்சகர், நான்கு பக்கக் கட்டுரை அனுப்பினார். ஆண் பிடிக்கும் நிழலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதையே தன் பாத்திரமாக்கிக்கொள்ளும் பெண்ணின் கதை இது என்றார். கைப்பிடியைப் பற்றித் தனியாக ஒரு பத்தி இருந்தது, அதை இங்கே சொல்ல முடியாது. 'குடை என்பதைக் கூடை எனத் திருத்திப் படிக்கவும்' என்று நாங்கள் ஒரு வரி போட்டோம். மனிதர் அசரவில்லை. எழுதியவருக்கே தெரியாமல் பிரதி தன்னைத் தானே திருத்திக்கொண்டது என்று இன்னும் மூன்று பக்கம் எழுதினார். அதை நான் போடவில்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. கதையை எழுதிய அம்மையாரோ, "குடையே நல்லாத்தான் இருக்கு சார், தொகுப்பில் அப்படியே விட்டுடலாமா?" என்று கேட்டார்.

நண்பர் மட்டமான வாசகர் இல்லை. குடையில் காய்கறி தங்குமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். என் சண்டையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

சரி, ஃபருக்கு வருவோம். 1920இல் வந்த கதை. பிரான்ஸில் ஒரு ஊர். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற, வயதான மிஸ் பிரில் ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போகிறாள். பெட்டியிலிருந்து ஃபரை (தலையும் வாலும் விடாமல் பதப்படுத்திய மிருகத்தோல், தன் வாலைத் தானே கவ்வியபடி கழுத்தைச் சுற்றிக் கிடக்கும்) எடுத்து, பூச்சிமருந்துப் பொடியை உதறி, பிரஷ் போட்டு, மங்கிப்போன சின்னக் கண்களைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குகிறாள். அதன் மூக்கு எங்கோ இடிபட்டிருக்கிறது. போகட்டும், ரொம்ப அவசியமானால் கறுப்பு அரக்கில் ஒரு சொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறாள்.

அந்த அரக்கைப் பாருங்கள். கையில் காசு இருப்பவள் புது ஃபர் வாங்குவாள். ஒன்றுமே இல்லாதவளிடம் ஃபரே இருக்காது. நடுவில் மாட்டிக்கொண்டு மானத்தோடு நடமாட வேண்டியவள்தான் தபால் உறைக்கு முத்திரை வைக்கும் அரக்கை மூக்குக்கு வைக்கலாமா என்று யோசிப்பாள். வர்க்கம் என்ற சொல் கதையில் எங்கும் இல்லை, அதற்கு வேலையும் இல்லை.

ஒருமுறை இந்தக் கதையின் தமிழாக்கம் எங்களுக்கு வந்தது. ஃபர் 'கம்பளி'யாகியிருந்தது. கம்பளிக்கு ஏது கண், ஏது மூக்கு? அதன் வாலை அதுவே கடித்துக்கொள்ளுமா? குறியீட்டைப் பற்றி ஒன்றரைப் பக்க முன்னுரை மட்டும் பிரமாதமாக இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். 'ஃபர்' என்றே எழுதுங்கள் அம்மா, தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது. (இதைச் சொன்னதற்காக ஒரு கூட்டத்தில் என்னை மேடையை விட்டு இறக்கியிருக்கிறார்கள்.)

பூங்காவில் அவள் மற்றக் கிழவர்களைப் பார்த்து, ஏதோ இருட்டு அறையிலிருந்து, அலமாரியிலிருந்துகூட, எழுந்து வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்களே என்று நினைக்கிறாள். அப்புறம் ஒரு இளம் ஜோடி பக்கத்தில் வந்து உட்காருகிறது. அந்தப் பெண் இவளுடைய ஃபரைப் பார்த்து, பொரித்த மீன் மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறாள். மிஸ் பிரில் வழக்கமாக வாங்கும் தேன் கேக்கையும் வாங்காமல் வீடு திரும்புகிறாள். இப்போது அவளுடைய அறையே அலமாரி மாதிரி இருக்கிறது. அதே சொல். ஃபரைக் கழற்றிப் பார்க்காமலேயே பெட்டிக்குள் வைத்து மூடும்போது ஏதோ அழுகிற சத்தம் கேட்டதாகத் தோன்றுகிறது. யார் அழுதது என்று மேன்ஸ்ஃபீல்ட் சொல்லவில்லை. உங்கள் உரைநூல் சொல்லியிருக்கும்.

நமக்கு இது புதிதும் இல்லை. குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி, தலைவன் என்னைச் சேர்ந்த அன்று சாட்சிக்கு யாருமே இல்லை என்கிறாள். அப்புறம் நினைவு வந்தாற்போல, 'குருகும் உண்டு' என்கிறாள். தினைத்தாள் மாதிரிக் காலோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற கொக்கு மாதிரிப் பறவைதான் அந்தக் குருகு. அதற்கு அதன் பசி. அந்தக் குருகு எதன் குறியீடு என்று கேட்டால் பத்து விடை தேறும். ஆனால் அது மீனுக்காக நின்றதால்தான் அவளுக்குச் சாட்சி இல்லாமல் போனது. அந்த 'உம்'முக்குள் இருக்கும் தனிமைக்கு உரை எழுதுகிறேன் என்று எவராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி. பெண்கள் என்பதால்தான் இப்படி எழுதினார்கள் என்று நான் நம்பவில்லை. மேன்ஸ்ஃபீல்டுக்கு ஆதர்சம் ரஷ்யச் சிறுகதைக்காரர் செகாவ், அவர் ஆண். ஆனால் உடுப்பை வைத்து ஆளை எடைபோடுவதை இவர்கள் உள்ளேயிருந்து எழுதினார்கள் என்பது உண்மை. 'பொம்மை வீடு' கதையில் (1922) துணி வெளுப்பவளின் மகள் லில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு வரும் கவுன் ஒரு வீட்டின் பச்சை மேசைவிரிப்பு, கை மட்டும் இன்னொரு வீட்டின் சிவப்புத் திரைச்சீலை. அந்த வீடுகளின் பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். ஒரு பிள்ளை தன் வீட்டு ஜன்னல் திரையை இன்னொருத்தியின் தோளில் பார்க்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? மேன்ஸ்ஃபீல்ட் நியூசிலாந்தின் வெல்லிங்டனில், பின்னாளில் வங்கித் தலைவரான ஒரு வணிகரின் வீட்டில், மேசைவிரிப்பைக் கொடுக்கிற பக்கத்தில் பிறந்தவர். அந்தக் கூச்சம் கதையில் தெரியும்.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் 'புது உடை' (1927) கதையும் இதே வட்டாரம்தான். வசதி போதாமல் பழைய மோஸ்தரில் மஞ்சள் பட்டு தைத்துக்கொண்டு விருந்துக்கு வரும் மேபல், தட்டில் விழுந்து ஏற முடியாமல் தவிக்கும் ஈயாகத் தன்னை நினைக்கிறாள். நல்ல ஈ. ஆனால் வுல்ஃப் அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து காட்டுகிறார். முதல் தடவையே பார்த்துவிட்டோம் அம்மா என்று எனக்குச் சொல்லத் தோன்றும். வுல்ஃப் ரசிகர்கள் வழக்கம்போலக் கடிதம் எழுதலாம். தான் பொறாமைப்பட்ட ஒரே எழுத்து மேன்ஸ்ஃபீல்டுடையது என்று 1923இல், அவர் இறந்த மாதத்தில், நாட்குறிப்பில் எழுதிவைத்தது வுல்ஃப்தான், நான் இல்லை.

'மிஸ் பிரில்'லில் ஒவ்வொரு வாக்கியத்தின் நீளத்தையும் ஓசையையும்கூடத் தேர்ந்தெடுத்து, சங்கீதம் பழகுவதுபோல உரக்கப் படித்துப் பார்த்ததாக மேன்ஸ்ஃபீல்ட் ஒரு கடிதத்தில் சொல்கிறார். தேர்வு முடிந்ததும் நீங்களும் ஒருதரம் உரக்கப் படியுங்கள்.

பிரசுரமாகும் கேள்விக்கு ஒரு புத்தகம் பரிசு என்பது தெரியும்தானே? முகவரியில் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தவிர. அந்தக் குறியீட்டை மட்டும் உடனே அனுப்பிவையுங்கள்.