ஒப்புக்கொடுத்த பிறகும் கவலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் கம்பெனியில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு. பட்டியலில் என் பெயர் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. தினமும் ராத்திரி எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன். "உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே" என்று கர்த்தர் சொல்கிற எரேமியா 29:11-ஐப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறேன். விடிந்தால் அதே பயம். ஜெபக்குழுவில் ஒரு அக்காவிடம் சொன்னேன். "கவலைப்படுகிறாய் என்றால் நீ இன்னும் முழுசாக ஒப்புக்கொடுக்கவில்லை" என்றார். என்னுடையது விசுவாசமே இல்லையா?

அப்புறம், ஆய்வே நடக்காத நாட்களில் நடந்ததாகத் தேதி போட்டுப் பதிவேட்டை நிரப்பச் சொல்கிறார் மேலாளர். எல்லாரும் செய்கிறார்கள். இந்த நேரத்தில் நான் மட்டும் மறுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அது வேறு விஷயம், சும்மா சொன்னேன்.

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். சுவரில் மாட்டிப் பார்த்துப் பழகிவிட்டதால், அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி என்பதே நமக்கு மறந்துபோகிறது. கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதியனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தைய வசனத்தைப் பாருங்கள். ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது.

முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் அறிவிக்கிறான். கேட்க யாருக்குத்தான் பிடிக்காது? எரேமியாவே "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். ஆனால் அனனியாவைக் கர்த்தர் அனுப்பவில்லை. நம் ஜெபங்களில் பாதி, எரேமியாவின் வசனத்தைச் சொல்லி அனனியாவின் கெடுவைக் கேட்பதுதான் என்று எனக்குத் தோன்றும்.

எழுபது வருஷம் காத்திருக்க வேண்டியவர்களுக்கு ஆண்டவர் என்ன சொன்னார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைப் பிடித்து வைத்திருக்கும் அந்த ஊருக்காகவே ஜெபம்பண்ணுங்கள். மனசு அமைதியாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

இப்போது 32-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து, சொந்த ஊரான ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்று பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ வந்து நிற்கிறான். எதிரி படை சூழ்ந்த நாட்டில் நிலம்! வாங்கு என்று கர்த்தர் சொன்னதால் எரேமியா வாங்குகிறார். அதை எழுதியிருக்கிற விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். விலை பதினேழு சேக்கல் வெள்ளி. பத்திரத்தில் கையெழுத்து, முத்திரை, சாட்சிகள். வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். நெடுநாள் இருக்கும்படி பத்திரத்தை ஒரு மண்பாண்டத்தில் போட்டுவைக்கச் சொல்லி, தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். பதிவு அலுவலக வேலை மாதிரி அவ்வளவு வறட்சியாக, வரிசையாக.

பத்திரத்தைக் கொடுத்த கையோடு அவர் ஜெபிக்கிறார். அந்த ஜெபம் எங்கே போய் முடிகிறது தெரியுமா? நகரமே கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகப்போகிறது, நீர் என்னை நிலம் வாங்கச் சொல்லியிருக்கிறீரே என்பதில். பணம் கொடுத்தாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று, அதற்குப் பிறகு வருகிறது குழப்பம். கர்த்தர் அவரைக் கோபிக்கவில்லை. "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" என்று திருப்பிக் கேட்கிறார். எரேமியாவின் விசுவாசம் அந்தப் பத்திரத்தில் இருந்தது. மனசு கலங்கியதால் பத்திரம் செல்லாமல் போய்விடவில்லை.

"நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று சொன்ன இயேசுவே, சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் துக்கத்தில் தவித்தார். சீஷர்களை விட்டுப் போய் மறுபடியும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். ஒருமுறை ஒப்புக்கொடுத்தால் திரும்ப வரக்கூடாது என்று அந்த அக்கா சொல்வதானால், முதலில் அந்தத் தோட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் பயம் வந்தால் காலையில் மறுபடி ஒப்புக்கொடுங்கள். அவ்வளவுதான்.

சரி, அந்த "வேறு விஷயம்". எனக்கென்னவோ உங்கள் கடிதமே அங்கேதான் இருக்கிறது. என் வேலை ஆண்டவர் கையில் என்று ராத்திரி சொல்கிறீர்கள். அந்த வேலை உண்மையில் மேலாளர் கையில்தான் என்று பதிவேட்டில் போடும் ஒவ்வொரு பொய்த் தேதியும் சொல்கிறது. சிலுவையை எடுத்துக்கொண்டு தம் பின்னே வரும்படி இயேசு சொன்னதை எழுதும்போது லூக்கா மட்டும் "அநுதினமும்" என்று சேர்க்கிறார். அநுதினம் என்றால் பதிவேடும் அதில் உண்டு.

மறுத்தால் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆகலாம். தானியேல் புத்தகத்தில், ராஜாவின் பொற்சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும் எங்கள் தேவன் தப்புவிப்பார் என்று சொல்லிவிட்டு, விடுவிக்காமற்போனாலும் வணங்கமாட்டோம் என்றார்கள். நமக்கு முதல் பாதி மட்டும் வேண்டும்.

மேலாளரிடம் சண்டை வேண்டாம். ஆய்வு நடந்த நாளின் தேதியை மட்டுமே நான் போடுவேன் என்று மரியாதையாக, முடிந்தால் எழுத்தில் சொல்லிவிடுங்கள். விடுபட்ட ஆய்வுகளை இப்போது செய்து தரட்டுமா என்றும் கேளுங்கள். கூடவே வேறு வேலையும் தேடுங்கள். அது அவிசுவாசம் ஆகாது. எருசலேமின் அலங்கத்தைத் திரும்பக் கட்டிய நெகேமியா, எதிரிகள் மிரட்டியபோது ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார்.

அந்த அக்காவை விட்டுவிடாதீர்கள். இயேசுவே கெத்செமனேயில் மூன்று சீஷரைக் கூட இருக்கச் சொல்லிக் கேட்டவர். மேலாளரிடம் பேசப்போகும் நாளில் கூட உட்கார்ந்து ஜெபிக்க அவரைக் கூப்பிடுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், ஜெபம் முடிந்த பிறகு சொல்லச் சொல்லுங்கள்.