நாலு தடவை படித்தும் அடுத்த வாரம் மறந்துபோகிறது: பதில்

ஐந்தாவது தடவை படிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். "சாயங்காலம் எல்லாம் ஞாபகம் இருந்தது, அடுத்த வாரத் தேர்வில் காணோம்" என்கிறீர்களே, அதற்கு இதுதான் வழி.

திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் பார்த்துப் பழகிய முகம் மாதிரி ஆகிவிடும். பழகியதை, தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். நினைவாற்றல் ஆய்விலேயே காலம் கழித்த அமெரிக்க உளவியலாளர் ஹென்றி ரோடிகர், தன் மாணவர் ஜெஃப்ரி கார்பிக்கியோடு 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்தவர்களுக்குப் பாடத்தில் 81 சதவீதம் நினைவில் இருந்தது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: 42, 56. உங்கள் கதையேதான்!

நம்பிக்கை வராவிட்டால், ஒரு பாடத்தில் பாதியை மட்டும் இப்படிச் செய்யுங்கள். மீதியை வழக்கம்போல் படியுங்கள். அடுத்த வாரம் இரண்டையும் எழுதிப் பாருங்கள்.

எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்த மறக்காதீர்கள், இல்லையென்றால் தப்பும் சேர்ந்து பதியும். அப்புறம், புரியாத பாடத்தை இது புரியவைக்காது. அதை முதலில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.