துப்பாக்கியைப் பணயமாக வைக்காதீர்கள்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருந்த அப்பா இறந்து 14 மாதம் ஆகிறது. அவர் லைசென்ஸோடு வைத்திருந்த .44 மேக்னம் டெசர்ட் ஈகிள் பிஸ்டலும் 11 தோட்டாவும் என் பீரோவில் இருக்கின்றன. தோப்பைத் தன் பேருக்கு எழுதிக்கொண்ட அண்ணன், இப்போது அதையும் கேட்கிறார். என் பங்கு வரும்வரை தராமல் இருக்கலாமா?

பதில்: நான்கு பக்கக் கடிதம். பதினாறாம் நாள் காரியத்தில் அண்ணி பேசியது, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் படித்தேன். எனக்கு வேண்டியது இரண்டே சொல்: 'என் பீரோவில்'.

அப்பா போன அன்றே லைசென்ஸும் போய்விட்டது. ஆயுதச் சட்டம் 21வது பிரிவுப்படி, தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். இன்றைக்கு அண்ணன் ஒரு புகார் கொடுத்தால் முதல் குற்றவாளி நீங்கள்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. தடை செய்யப்பட்ட வகை என்றால் 7 ஆண்டில்தான் தொடங்கும். வகையைப் பார்க்க, லைசென்ஸ் புத்தகத்தில் என்ன 'போர்' (bore, அதாவது குழலின் உள் அளவு) என்று எழுதியிருக்கிறது, பாருங்கள். தோட்டா தனியாக அகப்பட்டாலும் வழக்குதான்.

தர்மபுரியில் என்னிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர் ஒருவர், அப்பாவின் ஒற்றைக் குழல் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டிருந்தார். வரப்புத் தகராறில் பங்காளி ஒரு போன் போட்டார். ரெய்டு வந்தது, வரப்பு யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. பல வருஷம் வாய்தாவுக்கு அலைந்தார். 'அப்பா ஞாபகமாக வைத்திருந்தேன்' என்பது கோர்ட்டில் எடுபடாது.

இதைவிடப் பெரிய தப்பு, பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக அண்ணன் கையில் கொடுப்பது. லைசென்ஸ் இல்லாதவருக்குக் கைமாற்றுவது தனிக் குற்றம். தென்பெண்ணையில் வீசுவதும் வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் பதிவேட்டில் அந்த நம்பர் இருக்கிறது. ஒரு வக்கீலை வைத்து இந்த வாரமே ஸ்டேஷனுக்கும் கலெக்டருக்கும் எழுத்தில் தெரிவித்து, அவரோடு போய் ஒப்படையுங்கள். தோட்டாவை எண்ணி ரசீது வாங்குங்கள். உங்கள் மீது இந்த வழக்கு நடத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் (39வது பிரிவு). நீங்களாக வந்தீர்களா, பிடிபட்டீர்களா என்பது அங்கேதான் பேசும்.

சரி, பல லட்சம் பெறுமே என்கிறீர்கள். இறக்குமதி நின்றுபோனதால் விலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாரிசு லைசென்ஸ் ஒருவருக்குத்தான். மற்ற வாரிசுகளின் சம்மதம் கேட்பார்கள். உங்கள் பிடி அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு தொகை பேசிக் கையெழுத்துப் போடுங்கள், அல்லது வியாபாரி மூலம் விற்றுப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். தோப்பு வழக்கைப் பிறகு பார்க்கலாம். வரும்போது அந்த ரசீதின் நகலையும் கொண்டு வாருங்கள்.