ஜீனை வைத்து மொழியின் வழியைத் தேடப் போகிறாளாம்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. மகள் நீட் எழுத மாட்டேன் என்கிறாள் என்பது ஒன்று. "மக்கள்தொகை மரபியல் படித்து, மொழிக் குடும்பங்கள் எப்படிப் பரவின என்று ஆராயப் போகிறேன்" என்கிறாளே, அப்படி ஒரு படிப்பும் வேலையும் நிஜமாகவே உண்டா என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

உண்டு. மக்களின் ஜீன்களை ஒப்பிட்டு, அவர்கள் எங்கிருந்து வந்து எப்படிக் கலந்தார்கள் என்று பார்ப்பதுதான் மக்கள்தொகை மரபியல். ஐரோப்பாவில் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் (ஆங்கிலம், ஜெர்மன், இந்தி போன்றவற்றின் குடும்பம்) எப்படி வந்தன என்று மொழியியலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2015-இல் 69 பழங்கால மனிதர்களின் எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏவை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு கூட்டத்தாரின் மூதாதையரில் முக்கால் பங்கு, கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளியிலிருந்து வந்தவர்கள் என்று அது காட்டியது. மக்கள் வந்த வழியிலேயே மொழியும் வந்திருக்கலாம் இல்லையா? அதன் பிறகு மொழியைப் பற்றிய வாதத்தில் ஜீன் ஆய்வாளரையும் உட்கார வைக்காமல் முடியாது என்றாகிவிட்டது.

ஆனால் உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது வேறு ஒரு கதை. பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு தீவு நாடு. மூன்று லட்சம் பேர் வாழும் இடத்தில் நூறுக்கும் மேற்பட்ட மொழிகள், எல்லாம் தைவான் பக்கம் தொடங்கிப் பரவிய ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்தவை. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே முதலில் குடியேறியவர்களின் டிஎன்ஏ 2016-இல் படிக்கப்பட்டது. அவர்கள் தைவான், பிலிப்பைன்ஸ் பக்கத்து மக்களுக்கு நெருக்கமானவர்கள். மொழியும் ஜீனும் பொருந்திவிட்டன என்று நினைக்கும்போதே சிக்கல் வருகிறது. இன்றைக்கு அங்கே இருப்பவர்களின் ஜீனில் பெரும்பகுதி நியூ கினித் தீவை ஒட்டிய பப்புவா பக்கத்தைச் சேர்ந்தது. அதாவது பின்னாலேயே வேறு மக்கள் வந்து சேர்ந்து சேர்ந்து, ஆட்களே ஏறக்குறைய மாறிவிட்டார்கள். மொழி மட்டும் முதலில் வந்தவர்களுடையதாகவே நின்றுவிட்டது. வந்தவர்கள் ஏன் தங்கள் மொழியை விட்டார்கள்? இதற்கு டிஎன்ஏ மட்டும் பதில் சொல்லாது. மொழியியலும் தொல்லியலும் சேர்ந்து உட்கார வேண்டும். இந்தத் துறையின் அழகும் கஷ்டமும் அதுதான்.

நம் திராவிடக் குடும்பத்திலும் இதே மாதிரி ஒரு முடிச்சு உண்டு. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி திராவிட மொழி. அதைப் பேசுகிறவர்களின் ஜீனோ அக்கம்பக்கத்து பலூச்சி மக்களை ஒத்திருக்கிறது. ஹரியானாவில் சிந்து சமவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் 60-க்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில், படிக்கத் தக்க டிஎன்ஏ ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் கிடைத்தது; அந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அவருடைய மூதாதையர் யார் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. அவர் என்ன மொழி பேசினார் என்று எலும்பு சொல்லவில்லை. நம் ஊர் வெயிலில் எலும்பில் டிஎன்ஏ தங்குவதே கஷ்டம். காதின் உள்பகுதியைப் பொதிந்திருக்கும் கெட்டியான எலும்பில்தான் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், என்னிடம் இந்த ஆசையோடு வரும் பிள்ளைகளில் பலர் ஒரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நம் மொழிதான் மூத்தது, இன்னார் வெளியிலிருந்து வந்தவர்கள், இதை நிரூபிக்க வேண்டும் என்று. அந்த மனதோடு போனால் முதல் இரண்டு வருடத்திலேயே உடைந்து போவார்கள். தரவு யார் பக்கமும் நிற்காது. உங்கள் மகளிடம் பேசிப் பாருங்கள். தனக்குப் பிடிக்காத விடை வந்தால் அதையும் எழுதுவாளா என்று கேளுங்கள். தயங்காமல் ஆம் என்றால் தைரியமாக விடலாம்.

சரி, வழி எப்படி? அவள் பயாலஜி-மேத்ஸ் குரூப் என்பது பெரிய வசதி. இந்தத் துறையில் பாதி வேலை புள்ளியியலும் கணினியும்தான். மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐஐஎஸ்இஆர்களில் ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் படிப்பு இருக்கிறது. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். அதன் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் உண்டு. அது கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. பக்கத்துக் கல்லூரியில் உயிரியலோ புள்ளியியலோ பி.எஸ்சி. படித்து, எம்.எஸ்சி.க்கு நல்ல இடம் பிடிக்கலாம். அப்புறம் பிஎச்டி. ஹைதராபாத்தின் சிசிஎம்பி (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்), லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், கொல்கத்தா அருகே கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனம் ஆகியவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் தென்னிந்திய மக்களின் மரபியலை நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். வெளிநாடு என்றால் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனம். 2022-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வாந்தே பேபோ ஆய்வு செய்த இடம் அது.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பிஎச்டியில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டுக்குப் பாரமில்லை, ஆனால் வீட்டைத் தாங்கும் அளவுக்கும் இல்லை. நிரந்தர வேலை கிடைக்க முப்பது வயது தாண்டிவிடும். இடங்களும் குறைவு. கல்யாணப் பேச்சு எடுக்கும் சொந்தக்காரர்களுக்கு அந்த வருடங்களில் பதில் சொல்லப் போவது நீங்கள்தான். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நடுவில் மனம் மாறினாலும் அவள் தெருவில் நிற்க மாட்டாள். மூதாதையரைத் தேடும் அதே கணக்குதான் நோயைத் தேடவும் பயன்படுகிறது. ஆந்திரா, தெலங்கானாவின் ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு, அறுவை சிகிச்சையில் கொடுக்கும் ஒரு தசை தளர்த்தும் மருந்து ஆபத்தாக முடியும். தலைமுறைகளாக உள்ளுக்குள்ளேயே மணம் செய்ததால் ஒரு ஜீன் மாற்றம் அவர்களிடம் அதிகமாகிவிட்டது. ஒரு சமூகம் எவ்வளவு காலமாகத் தனித்திருக்கிறது என்று கணக்கிடத் தெரிந்தவருக்கு இத்தகைய நோய்களைத் தேடுவதும் கைவரும். 10,000 இந்தியர்களின் ஜீனோம் (முழு ஜீன் தொகுப்பு) தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனைகள், பரிசோதனைக் கூடங்கள், மருந்து நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அதைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அதனால் நீட் எழுதுவதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டுவிடலாம்.

தேர்வு முடிந்ததும் விடுமுறையில் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஆயிரம் ஜீனோம் திட்டம் என்று ஒன்று 2,504 பேரின் தரவை இலவசமாக வைத்திருக்கிறது. அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் தெலுங்கர்களும் இருக்கிறார்கள். ஆர் என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொண்டு, ஜீன் ஒத்தவர்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும் பிசிஏ என்ற கணக்கைப் போட்டு, இந்த இரண்டு கூட்டத்தையும் புள்ளிகளாக வரையட்டும். ஒரு மாதமாவது தலையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். தமிழ்ப் புள்ளிகளும் தெலுங்குப் புள்ளிகளும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதை அவளே பார்ப்பாள். மொழி வேறாக இருந்தும் இது ஏன் இப்படி என்று அவள் தூக்கம் கெட்டு யோசித்தால், அந்தப் படத்தோடு என்னிடம் அழைத்து வாருங்கள். எந்தக் கல்லூரி என்று அப்போது பேசலாம்.