கையில் டிக்கெட் மட்டும்தான் இருக்கிறது, மலேசியா போகலாமா?

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு 63, மனைவிக்கு 54. மலேசியாவில் கிள்ளானில் என் அத்தை மகன் இருக்கிறான், பார்த்து முப்பது வருஷம் ஆகிறது. திருச்சியிலிருந்து போக வர டிக்கெட் மட்டும் போட்டுவிட்டோம், ஒன்பது நாள். கொஞ்ச நாள் அவன் வீடு, அப்புறம் பத்துமலை, பினாங்கு என்று மனசு போன போக்கில் சுற்றலாம் என்று இருக்கிறோம். ஹோட்டல் எதுவும் போடவில்லை. இங்கே ஒரு ஏஜென்ட், 'இப்படிப் போனால் ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவான், அம்மா பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். வேறு இருக்கிறது, ஆளுக்கு எட்டாயிரம் கொடுங்கள், உள்ளே செட்டிங் பண்ணிவிடுகிறேன்' என்கிறார். நிஜமா? தின்பண்டம் என்னென்ன எடுத்துப் போகலாம் என்றும் மனைவி கேட்கச் சொன்னாள்."

ஐயா, முதலில் அந்தப் பதினாறாயிரத்தை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.

திருப்பி அனுப்புவார்களா என்றால், அனுப்புவதும் உண்டு. ஆனால் ஊர் சுற்றத் திட்டம் போடாமல் வந்தார் என்பதற்காக யாரையும் அனுப்புவதில்லை. குடிநுழைவுக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பீர்கள், எந்தத் தேதியில் ஊர் திரும்புவீர்கள். இந்த இரண்டுக்கும் பட்டென்று பதில் சொல்லி, கையில் காகிதத்தையும் காட்டிவிட்டால், நடுவில் உள்ள ஏழு நாளும் நீங்கள் பினாங்கு போகிறீர்களா, அத்தை மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழங்கதை பேசுகிறீர்களா என்று அவர் பெரும்பாலும் கேட்கப் போவதில்லை.

இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவுக்கு விசா தேவையில்லை, 30 நாள் வரை இருக்கலாம். 2026 டிசம்பர் 31 வரை இந்தச் சலுகையை நீட்டித்திருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு "விசாவே இல்லை, பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஏறிப் போகலாம்" என்று நினைத்து வருகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். விசா இருந்த காலத்தில் பேப்பரையெல்லாம் முன்கூட்டியே பார்த்து முடித்துவிடுவார்கள், இப்போது அந்தச் சோதனை முழுக்க நீங்கள் இறங்குகிற இடத்தில் நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட்டின் பிரிண்ட், அத்தை மகன் வீட்டு முகவரி, அவர் "என் வீட்டில் தங்குகிறார்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல். கடிதத்தை விட முக்கியம், விமானம் இறங்குகிற நேரத்தில் அவர் போனை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். விடிகாலையில் இறங்கும் விமானமாக இருந்தால் முதல் நாளே சொல்லி வையுங்கள். அவர் வீட்டில் வசதிப்படாது என்றால் முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும், பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய ஓட்டல் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், போதும். பணம்? இவ்வளவுதான் என்று வாய்ப்பாடு மாதிரி ஒரு தொகை சொல்ல மாட்டேன், ஒன்பது நாளைக்கு நியாயமாகத் தெரிகிற அளவு ரிங்கிட்டும், வெளிநாட்டில் வேலை செய்கிற ஒரு கார்டும் இருக்கட்டும்.

கார்டு என்றதும் ஒன்று. 2020லிருந்து புதிதாகக் கொடுக்கும் கார்டுகளை வங்கிகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. வெளிநாட்டு உபயோகத்தை நீங்கள்தான் ஆப்பிலோ கிளையிலோ திறந்துவிட வேண்டும். அங்கே போய் மெஷினில் மூன்று தடவை தேய்த்துவிட்டு, ஓ.டி.பி. வர வேண்டிய சிம்மோ பாபநாசத்தில் மேஜை டிராயரில் கிடக்கிறது என்று முழிப்பவர்களை வருஷத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன்.

அடுத்தது ஒரு ஃபார்ம். மலேசியாவுக்கு எம்.டி.ஏ.சி. என்ற டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இலவசம். பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்! மலேசிய அரசின் தளம் என்றால் கடைசியில் 'ஜி.ஓ.வி. புள்ளி எம்.ஒய்.' (gov.my) என்று முடியும், வேறு எப்படி முடிந்தாலும் மூடிவிடுங்கள். கூகுளில் தேடினால் அசலைப் போலவே கொடி, சின்னம் எல்லாம் போட்டு, கடைசிப் பக்கத்தில் டாலரில் பணம் கேட்கும் கடைகள் வரிசையாக நிற்கும். சிங்கப்பூருக்கும் இதே மாதிரி ஒன்று, தாய்லாந்துக்கு 2025 மே முதல் ஒன்று, எல்லாமே இலவசம், எல்லாவற்றுக்கும் அதே மூன்று நாள் கணக்கு. பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், தங்குமிடம் என்று விமான நிறுவனத்திடம் ஏற்கெனவே கொடுத்த அதே சங்கதியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் தெரியாத அறுபது வயதுக்காரர் என்ன செய்வார் என்று ஒரு அரசாங்கமும் யோசிப்பதில்லை, இலவச ஃபார்மைக் கொண்டுவந்து தரகனுக்கு ஒரு பிழைப்பையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். பேரனையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ உட்காரவைத்து நிரப்பச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை. இனிஷியலை உங்கள் இஷ்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் போடாதீர்கள், பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படி.

இப்போது வீட்டம்மாவின் இ.சி.ஆர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த மூன்றெழுத்தை வைத்து நம் ஜில்லாக்களில் நடக்கும் வசூலுக்கு அளவே இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கொடுக்காமல் பாஸ்போர்ட் எடுத்தால் இ.சி.ஆர்., அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்று அச்சடித்துவிடுவார்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு 18 நாடுகளுக்கு வேலைக்கு போகிறவர்கள் அரசின் அனுமதி வாங்க வேண்டும். வளைகுடா நாடுகள் அந்தப் பட்டியலில் உண்டு, மலேசியா உண்டு, தாய்லாந்தும் இந்தோனேசியாவும் உண்டு, சிங்கப்பூர் இல்லை. நன்றாகக் கவனியுங்கள், வேலைக்கு. உறவுக்காரரைப் பார்க்கவோ ஊர் சுற்றவோ போகிற அம்மாவுக்கு அந்த அனுமதி தேவையே இல்லை. அவர் வேலைக்கே போவதாக வைத்துக்கொண்டாலும், 50 வயது தாண்டியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு இருக்கிறது. 54 வயது அம்மாவின் பாஸ்போர்ட்டில் இன்னும் அந்த முத்திரை இருக்கிறதென்றால், முன்பு எடுத்தபோது அடித்தது அப்படியே கிடக்கிறது என்று அர்த்தம், புதுப்பிக்கும்போது நீக்கச் சொல்லலாம். அதற்காக இப்போது அவசரப்பட்டு ஓட வேண்டாம். புறப்படும் கவுண்டரில் "எதற்குப் போகிறீர்கள்?" என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். "சொந்தக்காரங்களைப் பார்க்க, ஒன்பது நாள்" என்று சொல்லி, திரும்பும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று அவருக்காகப் பதில் சொல்லாதீர்கள், அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். வேட்டி கட்டியவரையும் கண்டாங்கி கட்டியவரையும் மட்டும் அதிகப்படியாகக் கேள்வி கேட்கும் வழக்கம் எனக்கு எரிச்சல்தான், என்ன செய்வது.

செட்டிங் என்ற வார்த்தைக்கு வருகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் கும்பகோணத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன், கவுண்டருக்குள் செட்டிங் என்று பணம் வாங்கியவர்களில் ஒருவனுக்குக்கூட அந்தக் கவுண்டருக்குப் பின்னால் யாரையும் தெரியாது. ஆள் தாண்டிப் போய்விட்டால் "பார்த்தீர்களா, என் செட்டிங்" என்பான். திரும்பி வந்துவிட்டால் போனை எடுக்க மாட்டான். நூறு பேரில் பெரும்பாலோர் எப்படியும் தாண்டிப் போகிறவர்கள், அவனுக்கு இதைவிடச் சுகமான வியாபாரம் உண்டா?

டம்மி டிக்கெட் என்று இன்னொன்று. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், என் மனைவி வழியில் சொந்தம். டூரிஸ்டாகப் போய் இறங்கு, அங்கே வேலை பெர்மிட்டாக மாற்றித் தருகிறேன் என்று ஒருவன் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறான். திரும்பி வரும் டிக்கெட் என்று கொடுத்த காகிதத்தில் பெயர், எண், நேரம் எல்லாம் சரியாக இருந்தது. கவுண்டரில் எண்ணை அடித்துப் பார்த்தால் மூன்று நாளுக்கு முன்பே ரத்தாகியிருந்தது. இறங்க அனுமதியில்லை என்று ஒரு அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே இருந்த ஒரு தமிழரின் போனிலிருந்து எனக்குக் கூப்பிட்டு, "மாமா, வெளியே கண்ணாடி வழியா பஸ் போறது தெரியுது" என்றான். அவ்வளவுதான் அவன் பார்த்த மலேசியா. மறுநாள் ராத்திரி விமானத்தில் திருச்சி வந்து இறங்கினான், மாமனார் அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை. உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் உங்கள் தெருவில் யாருக்காவது பொருந்தும். டூரிஸ்டாகப் போய் வேலை பார்க்கலாம் என்று எவன் சொன்னாலும், அவன் தரகன் இல்லை, திருடன்.

விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது, "அண்ணே, என் பெட்டி வெயிட் கூடிப்போச்சு, இந்த ஒரு பையை மட்டும் உங்க கணக்குல போட்டுக்கோங்க" என்று யாராவது வருவார். திரும்பி வரும்போது "இந்தச் செயினை மட்டும் போட்டுக்கிட்டு வாங்க, வெளியே வாங்கிக்கிறேன்" என்பார். குருவி வேலை, அதாவது அடுத்தவர் சரக்கைக் கடத்திக் கொடுப்பது, கேள்விப்பட்டிருப்பீர்கள். முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்லுங்கள். நம்ம ஊர்க்காரராச்சே என்ற தாட்சண்யமே வேண்டாம். பையில் என்ன இருந்தாலும் அது உங்கள் பெயரில் இருக்கும் பை.

தேதி விஷயத்தில் என்னையே திட்டிக்கொள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வலங்கைமான் குடும்பம் ஒன்றுக்கு நான்தான் டிக்கெட் போட்டேன், 15ஆம் தேதி 00:10 மணி. அச்சடித்துக் கொடுத்தேன், வாயால் சொல்லவில்லை. அவர்கள் 15ஆம் தேதி சாயங்காலம் வேன் பிடித்து, வழியனுப்ப ஒன்பது பேரோடு, தஞ்சாவூர் தாண்டி டிவிஎஸ் டோல்கேட் வந்து, ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்றார்கள். காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது நேத்து ராத்திரியே போயிடுச்சும்மா" என்றார். அந்த அம்மா கையில் முறுக்கு டின்னோடு அப்படியே நின்றதாகச் சொன்னார்கள். பாதி டிக்கெட் பணம் நான் போட்டேன். உங்கள் டிக்கெட்டில் நேரம் 00 என்று ஆரம்பித்தால், அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இறங்கின பிறகு பெரிய அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. வெளியே வந்தால் நம்ம ஊர் ஐப்பசிப் புழுக்கம்தான், உள்ளேதான் குளிர் நடுக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை கைப்பையிலேயே இருக்கட்டும். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள், அத்தை மகன் ஒன்றில் காத்திருக்க நீங்கள் இன்னொன்றில் நிற்கக் கூடாது, எந்த முனையம் என்று டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அவர் வர முடியாவிட்டால், வாசலில் "டாக்ஸி, டாக்ஸி" என்று தோளைத் தொடுகிறவரோடு போகாதீர்கள். நகரத்துக்கு வேக ரயில் 55 ரிங்கிட், பஸ் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டும் கேஎல் சென்ட்ரல் போகும், அங்கிருந்து கிள்ளானுக்கும் பத்துமலைக்கும் உள்ளூர் ரயில் இருக்கிறது. பினாங்குக்கு பட்டர்வொர்த் வரை ரயில், அப்புறம் படகு. அந்த ரயில் டிக்கெட்டை மட்டும் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள்.

ஓட்டலில் வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை, சண்டை போட வேண்டாம். கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலா ரிங்கிட்டிலா?" என்று மெஷின் கேட்டால் ரிங்கிட்டை அமுக்குங்கள், ரூபாயை அமுக்கினால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. சார்ஜருக்குச் சதுரக் கால் மூன்று உள்ள பிளக் வேண்டும், இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பத்துமலையில் 272 படி, காலையிலேயே ஏறிவிடுங்கள், கையில் வாழைப்பழம் தெரிந்தால் குரங்கு விடாது. கீழே நிற்கும் 140 அடி முருகன் சிலையைச் செய்தவர் நம்ம திருவாரூர் ஸ்தபதி தியாகராஜன், அத்தை மகனிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா கேட்ட தின்பண்டத்துக்கு வருகிறேன். முறுக்கு, அதிரசம், வடகம், பொடி வகையெல்லாம் பெட்டியில் போட்டு நன்றாகக் கட்டி எடுத்துப் போகலாம். கொழுந்து வெற்றிலை, பழம், செடி, விதை வேண்டாம், அதற்கெல்லாம் அங்கே தனி அனுமதி. கசகசாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், சிங்கப்பூரிலும் துபாயிலும் அது தடை, எந்த நாட்டுப் பயணமானாலும் நான் எடுக்க விடுவதில்லை. ஊறுகாய், எண்ணெய்ச் சமாசாரம் கைப்பையில் கூடாது. அப்புறம் கொப்பரைத் தேங்காய். தீப்பிடிக்கும் பொருள் கணக்கில் அதற்கு விமானத்தில் இடமில்லை, பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்துப் போட்டுவிடுவார்கள். அத்தை மகன் ஆசையாகக் கேட்டிருந்தால் அங்கேயே கடையில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.